தேங்காய் மாவு வாஃபிள்: கோதுமை சேராதவர்களுக்கு வீட்டிலேயே செய்ய

குளூட்டன் சேராத பிள்ளை இருக்கும் வீட்டில் காலைப் பலகாரம் பெரிய பாடு இல்லை. இட்லி, தோசை, சந்தகை, ராகிக் களி, கம்மஞ்சோறு என்று கொங்குச் சமையலில் பாதிக்கு மேல் கோதுமை படாதவைதான். பள்ளிக்கூட டிபன் டப்பாவிலும் பிறந்தநாள் விருந்திலும்தான் பிள்ளை தனித்துப் போகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கேக்கும் பப்ஸும் தின்னும்போது அதன் கையிலும் பேக்கரிப் பண்டம் மாதிரி ஒன்று இருக்க வேண்டும். தேங்காய் மாவு வாஃபிள், அதாவது கட்டம் கட்டமான அச்சில் சுட்டெடுக்கும் கேக் மாதிரியான பண்டம், அதற்கு நன்றாகப் பொருந்தும். செய்முறையும் சுலபம். அது கெடுவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். தேங்காய் மாவை மைதா மாதிரி அளந்து போடுகிறார்கள். அல்லது, செய்முறையில் இல்லாத குளூட்டனைச் சல்லடை வழியாகவும் மாவு மில் வழியாகவும் உள்ளே விட்டுவிடுகிறார்கள்.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். பிசைந்த சப்பாத்தி மாவை இழுத்தால் அறுபடாமல் நீள்கிறதே, அந்த இழுவையைத் தருவது அதுதான். சீலியாக் நோய் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. அந்தச் சுவரில் சத்தை உறிஞ்சுவதற்காக விரல் போல் நீண்டிருக்கும் நுண்ணிய நீட்சிகள் தேய்ந்து போகின்றன. வயிற்றுப்போக்கு, உப்புசம், வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாமை, இரும்புச்சத்து மாத்திரைக்கு மசியாத ரத்தசோகை எல்லாம் அதன் விளைவுகள். வட மாநிலங்களோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டில் இது குறைவு. குறைவாக இருப்பதாலேயே சந்தேகம் வரவும் நாளாகிறது.

"கொஞ்சூண்டு சப்பாத்தி சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுங்களே?" என்ற கேள்வி தவறாமல் வரும். ஆகும். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அதைக் 'குளூட்டன் இல்லாதது' என்று விற்கக் கூடாது என்பது உணவுச் சட்டத்தின் எல்லை. கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன். ஒரு கிலோ அரிசி மாவில் ஒரு சிட்டிகை கோதுமை மாவு விழுந்தாலே எல்லை தாண்டிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சீலியாக் இருக்குமோ என்று சந்தேகப்பட்டதுமே வீட்டில் கோதுமையை நிறுத்திவிட்டு, அதன் பிறகு பரிசோதனைக்குப் போகாதீர்கள். ரத்தத்தில் பார்க்கும் டிடிஜி பரிசோதனையும் எண்டோஸ்கோபியில் எடுக்கும் திசுப் பரிசோதனையும், கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம்.

இனி மாவுக்கு வருவோம். கடையில் 'தேங்காய்ப் பவுடர்' என்று கேட்டால் மூன்று வெவ்வேறு பொருள்கள் கைக்கு வரலாம். மிட்டாய்க்கும் பிஸ்கட்டுக்கும் போடும் உலர் தேங்காய்த் துருவல் ஒன்று. அதில் கொழுப்பு 60 சதவீதத்துக்கு மேல் இருக்கும். வாஃபிள் மேக்கரில் ஊற்றினால் எண்ணெய் கக்கிக்கொண்டு உதிர்ந்துவிடும். தேங்காய்ப்பால் பவுடர் இன்னொன்று, தண்ணீரில் கரைந்துவிடும். நமக்கு வேண்டிய தேங்காய் மாவு என்பது பால் பிழிந்த சக்கையைக் காயவைத்து அரைத்தது. பாக்கெட்டின் பின்பக்கம் திருப்பி நார்ச்சத்தைப் பாருங்கள். 100 கிராமுக்கு 35 கிராமுக்கு அருகிலோ அதற்கு மேலோ இருந்தால் அது தேங்காய் மாவு. காங்கேயம் பக்கம் எண்ணெய் ஆலைகளில் கிடைக்கும் தேங்காய்ப் புண்ணாக்கைப் பொடித்துப் பயன்படுத்தலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. அது மாட்டுத் தீவனமாகக் கையாளப்படும் பொருள். கொப்பரையில் பூஞ்சை பிடித்திருந்தாலும் கந்தகப் புகை போட்டிருந்தாலும் அதெல்லாம் சேர்ந்தே வரும்.

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் இருப்பவர்கள் இதை விலைக்கு வாங்கவே வேண்டியதில்லை. நல்ல பெரிய தேங்காய் ஒன்றைத் துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மிக்ஸியில் அடித்து, துணியில் மூன்று முறை பிழியுங்கள். முதல் பாலைத் தனியே எடுத்து வையுங்கள். வாஃபிளுக்கு அதுவே ஆகும். சக்கையை இறுகப் பிழிந்து, அகலத் தட்டில் நகத்தின் கனத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். ஓவன் இருந்தால் 80 டிகிரியில், கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்து 2 முதல் 3 மணி நேரம். அரை மணிக்கொரு தரம் கிளற வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டை மாடியில் மெல்லிய துணி மூடியும் காயவைக்கலாம். மழை மூட்டமான நாளில் வெயிலை நம்பாதீர்கள். ஈரச் சக்கை சில மணி நேரத்திலேயே புளித்துவிடும், அந்த வாடை மாவில் கடைசிவரை நிற்கும்.

காய்ந்ததற்கு அடையாளம்: கையில் அள்ளி இறுக்கினால் பிடி பிடிக்காமல் மணல் போல் உதிர வேண்டும். சூடு ஆறிய பிறகு மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் ஜார் சூடாகி, மிச்சமிருக்கும் எண்ணெய் வெளியேறி, மாவு களிம்பாகிவிடும். ஒரு காய்க்கு 50 முதல் 70 கிராம் மாவு தேறும். ஒரு தடவை வாஃபிள் செய்ய அது போதும். காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். காறல் வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள்.

அளவு இது. தேங்காய் மாவு 45 கிராம், முட்டை 4, உருக்கிய வெண்ணெய் 50 கிராம் (ஊத்துக்குளி வெண்ணெய் கிடைத்தால் நல்லது, கடை மாவில்லாமல் வீட்டு மாவு என்றால் வெண்ணெய் 40 கிராம் போதும், அந்த மாவில் எண்ணெய் கொஞ்சம் மிச்சமிருக்கும்), கெட்டித் தேங்காய்ப்பால் 60 மில்லி, நாட்டுச்சர்க்கரை 20 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 10 கிராம், பேக்கிங் பவுடர் முக்கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், தட்டிய ஏலக்காய் 2. டம்ளரில் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். தேங்காய் மாவை அழுத்தி அள்ளினால் ஓர் அளவு, தளர அள்ளினால் ஓர் அளவு. 15 கிராம் கூடினாலே வாஃபிள் வறண்டு தொண்டையை அடைக்கும்.

மைதாவுக்குப் பதிலாக அதே எடைக்குத் தேங்காய் மாவு போட முடியாததற்குக் காரணம் அந்த நார்தான். தன் எடையைப்போல் மூன்று நான்கு மடங்கு ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், ஆனால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. பிடிமானம் முழுவதும் முட்டையிலிருந்து வர வேண்டும். "முட்டை வாடை அடிக்குது, ரெண்டு குறைச்சுக்கட்டுமா?" என்றால் மூன்றுக்குக் கீழே போகாதீர்கள். வாடைக்கு ஏலக்காயைக் கூட்டுங்கள். பேக்கிங் பவுடர் தீர்ந்துவிட்டது என்று சமையல் சோடாவைப் போடவும் வேண்டாம். இந்தக் கலவையில் புளிப்பு இல்லை, சோடா வேலை செய்யாமல் சோப்பு ருசியாக நாக்கில் நிற்கும்.

முட்டையைக் குளிர்பெட்டியிலிருந்து முன்கூட்டியே எடுத்து வையுங்கள். சில்லென்ற முட்டையில் உருக்கிய வெண்ணெய் பட்டால் திரித்திரியாக உறைந்துபோகும். வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் ஊற்றுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மார்கழிக் காலையில் கோவையிலும் பொள்ளாச்சியிலும் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து நிற்கிறதல்லவா, கலவையிலும் அதுதான் நடக்கும்.

முட்டை, நாட்டுச்சர்க்கரை, தேங்காய்ப்பால் மூன்றையும் நுரை வர அடித்து, வெண்ணெயை மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். உலர்ந்த பொருள்களைச் சலித்துச் சேர்த்துக் கட்டியில்லாமல் கலந்து, 8 நிமிடம் அப்படியே விடுங்கள். சேர்த்தவுடன் நீர்த்துத் தெரிகிறதே என்று இன்னும் மாவு போடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. பொறுத்துப் பார்த்தால் நார் ஊறி, கரண்டியிலிருந்து கொழகொழவென்று மொத்தமாக விழும் பதம் வந்திருக்கும். இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டி. அதற்கும் மேல் இறுகியிருந்தால் ஒரு மேசைக்கரண்டி தேங்காய்ப்பால் விட்டுக்கொள்ளலாம்.

வாஃபிள் மேக்கரை மிதமான சூட்டில் முழுதாகக் காயவிடுங்கள். கட்டங்களின் இடுக்குவரை பிரஷ்ஷால் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். டப்பாவில் வரும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், நான்ஸ்டிக் பூச்சின்மேல் பிசினாகப் படிந்துவிடும். கலவையை நடுவில் விட்டு, கரண்டி முதுகால் கொஞ்சம் பரப்பி மூடுங்கள். மைதா மாவு போல இது தானாக ஓடாது. ஓரங்களிலிருந்து ஆவி புஸ்ஸென்று வரும். முதல் மூன்று நிமிடம் மூடியைத் தொடக் கூடாது. உள்ளே வேகாமல் திறந்தால் வாஃபிள் இரண்டாகக் கிழிந்து, மேல் பாதி மூடியிலும் கீழ் பாதி தட்டிலும் ஒட்டும். நாலு, ஐந்து நிமிடத்தில் ஆவி மெலிந்து நூலாகும். அப்போது மூடியை லேசாகத் தூக்கிப் பாருங்கள். இழுத்துப் பிடித்தால் இன்னும் ஒரு நிமிடம். பச்சை விளக்கு எரிந்துவிட்டது என்று எடுக்காதீர்கள். அந்த விளக்கு சூட்டைத்தான் சொல்கிறது, வெந்ததைச் சொல்லவில்லை.

எடுத்ததும் கம்பித் தட்டில் வையுங்கள். தட்டில் அடுக்கினால் தன் ஆவியிலேயே நனைந்து துவண்டுவிடும். இந்த அளவுக்குப் பெரிய வட்ட மேக்கரில் மூன்று, கையகலச் சிறிய மேக்கரில் ஆறு வரும். மைதா வாஃபிள் போல இது மொறுமொறுவென்று நொறுங்காது. வெளியே லேசான மொறுமொறுப்பு, உள்ளே கேக் பதம். அதுதான் இதன் இயல்பு.

மேக்கர் இல்லாவிட்டால் பணியாரக்கல் இருக்கிறது. குழிக்கு முக்கால் அளவு ஊற்றி, சிறுதீயில் மூடி போட்டு 3 நிமிடம், திருப்பிவிட்டு 2 நிமிடம். வடிவம்தான் மாறும், ருசி அதேதான். சின்னப் பிள்ளைகள் கையில் பிடித்துத் தின்ன இது இன்னும் வசதி.

புரட்டாசியிலும் விரத நாள்களிலும் முட்டை சேர்க்காத வீடுகளுக்கு, தேங்காய் மாவை மட்டும் வைத்துக்கொண்டு வாஃபிள் வராது. தேங்காய் மாவு 20 கிராம், பச்சரிசி மாவு 80 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 20 கிராம், மருந்துக் கடையில் கிடைக்கும் மணம் சேர்க்காத இசப்கோல் உமி 1 டீஸ்பூன், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், எண்ணெய் 30 மில்லி, உப்பு, நாட்டுச்சர்க்கரை. தேங்காய்ப்பாலை முதலில் 200 மில்லி ஊற்றிக் கலந்து, 15 நிமிடம் ஊறவிட்டு, பணியார மாவுப் பதம் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மேக்கரில் 6, 7 நிமிடம் பிடிக்கும்.

இந்த அரிசி மாவு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. தெருமுனை மாவு மில்லில் உங்கள் பச்சரிசிக்கு முன்னால் யாரோ ஐந்து கிலோ கோதுமை அரைத்திருப்பார்கள். இயந்திரத்துக்குள் தங்கிய மாவு முதலில் உங்கள் பாத்திரத்தில்தான் விழும். "கோதுமைக்குத் தனி மிஷின்" என்று மில்காரர் சொன்னாலும், ஒரே அறையில் பறக்கும் தூசி எல்லாவற்றின் மேலும் படிகிறது. சீலியாக் உள்ள வீட்டுக்கு அரிசி, ராகி, கம்பு மூன்றையும் வீட்டு மிக்ஸியிலேயே அரைப்பதுதான் சரி. கொங்குநாட்டு வீடுகளில் அநேகமாகக் கோதுமையே படாத ஒரு பொருள் உண்டு, வெட் கிரைண்டர். பச்சரிசியை நான்கு மணி நேரம் ஊறவைத்து அதில் வழுவழுப்பாக ஆட்டி, உலர் மாவுக்குப் பதில் சேர்க்கலாம். தேங்காய்ப்பாலை அதற்குத் தகுந்தபடி குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சல்லடை. சப்பாத்தி மாவு சலிக்கும் சல்லடையை நன்றாகக் கழுவிக் காயவைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வலையும் வளையமும் சேரும் விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். தண்ணீர் பட்டுப் பசையாகி இறுகிய கோதுமை மாவு அது. எத்தனை தேய்த்தாலும் போகாது. தனிச் சல்லடை வாங்கி, வளையத்தில் ஒரு சிவப்புக் கயிறு கட்டிவிடுங்கள், பாட்டி கைக்கு வந்தாலும் அடையாளம் தெரியும். மைதா வாஃபிள் சுட்ட மேக்கரும் இதே கதிதான், கட்டங்களின் இடுக்கைச் சுத்தமாக்க முடியாது. சப்பாத்தி சுடும் இரும்புத் தோசைக்கல், மர அகப்பை, பூரிக்கட்டை ஆகியவற்றையும் இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள். அதே மேடையில் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது வாஃபிளைத் தொடங்கவும் வேண்டாம்.

சமையலறையில் ஒளிந்திருக்கும் குளூட்டன் இன்னும் உண்டு. கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருப்பது சகஜம், லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும். சம்பா ரவை, சேமியா, ஒப்புட்டின் மேல்மாவு, பல சத்துமாவுக் கலவைகள், மால்ட் சேர்த்த பானங்கள் எல்லாம் கோதுமையோ பார்லியோதான்.

எவ்வளவு சாப்பிடலாம்? இது நார் மிகுந்த பண்டம். பழக்கமில்லாத பிள்ளைக்கு முதல் நாள் சிறிய வாஃபிளில் பாதி கொடுத்து, தண்ணீர் நன்றாகக் குடிக்க வையுங்கள். இல்லையென்றால் வயிறு உப்பும், மலம் இறுகும். புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களுக்குச் சில மாதங்களுக்குப் பாலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். குடல் ஆறும்வரை பசும்பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் பொருந்தும், வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய். சர்க்கரை நோயாளிகள் மைதாவைவிட இதைத் தைரியமாகச் சாப்பிடலாம், ஆனால் மேலே ஊற்றும் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைப் பாகும் சர்க்கரைதான், ரத்தத்தில் அதே வேகத்தில் ஏறும். முட்டை, வெண்ணெய், தேங்காய் மூன்றும் சேர்வதால் கொழுப்புக்கு மருந்து எடுப்பவர்கள் வாரத்துக்கு ஒரு நாளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உடம்பு இளைக்கும் என்று நம்பி, நோய் எதுவும் இல்லாதவர்கள் கோதுமையை விட்டுவிட்டு இதற்கு மாறுவதில் பயன் இல்லை. ஒரு பெரிய வாஃபிளில் ஒன்றரை முட்டைக்கு அருகிலும் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வெண்ணெயும் இருக்கிறது.

மிச்சத்தை ஆறவைத்து, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து ஃபிரீசரில் போட்டால் மூன்று வாரம் நிற்கும். சூடாக்கப் பிரெட் டோஸ்டரில் நுழைக்காதீர்கள், அதன் அடித்தட்டு முழுக்கப் பிரெட் துகள்தான். தோசைக்கு மட்டும் வைத்திருக்கும் கல்லில் சிறுதீயில் பக்கத்துக்கு 2 நிமிடம் போதும். டிபன் டப்பாவில் சூட்டோடு மூடாமல், முழுதாக ஆறிய பிறகு மூடி அனுப்புங்கள்.