"வழுக்கி விழுந்தார்" என்று எழுதினால் விசாரணை முடிந்துவிடுமா?

முதியோர் இல்லங்களிலிருந்து வரும் காயப் புகார்களின் கோப்பைத் திறந்தால் மறுபடியும் மறுபடியும் அதே ஒற்றை வரி: "குளியலறையில் வழுக்கி விழுந்தார்." கீழே ஒரு கையெழுத்து. எத்தனை மணிக்கு, யார் பார்த்தது, எந்தப் பக்கமாகக் கிடந்தார், தூக்கிவிட்டது யார்? ஒன்றும் இருக்காது.

"வயசானா விழத்தான் செய்வாங்க" என்கிறார்கள். விழுவார்கள், மறுக்கவில்லை. ஆனால் விழுந்த உடம்பில் எங்கே வேண்டுமானாலும் அடிபடாது. துருத்தி நிற்கும் இடங்கள்தான் பெரும்பாலும் தரையில் மோதும்: நெற்றி, மூக்கு, முகவாய், முழங்கை, இடுப்பின் பக்கவாட்டு, முட்டி. காதின் பின்புறம், கழுத்து, மேல்கையின் உட்பக்கம், உள்தொடை, உள்ளங்கால் ஆகிய இடங்களில் ரத்தம் கன்றியிருந்தால் "விழுந்தார்" என்ற பதில் போதாது. இரண்டு மணிக்கட்டிலும் வளையமாகத் தடம் இருந்தால், கட்டிவைத்தார்களா என்று நேராகவே கேளுங்கள். மேல்கையில் சின்னச் சின்ன வட்டங்கள் வரிசையாக இருந்தால் அது அழுத்திப் பிடித்த விரல்களின் தடமாக இருக்கலாம். அடிக்காமல், முரட்டுத்தனமாகத் தூக்கினாலும் அப்படி வரும். அதுவும் விசாரிக்க வேண்டியதே. படுத்த படுக்கையாக இருப்பவருக்குத் தொடை எலும்பு முறிந்திருக்கிறது என்றால், அவர் எங்கிருந்து விழுந்தார்? எலும்பு மெலிந்தவருக்குப் புரட்டும்போதுகூட முறியலாம். அப்படியென்றால் புரட்டியவர் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. தோல் மெலிந்தவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும் லேசாகப் பட்டாலே முன்கையில் ஊதாத் திட்டுகள் வரும். அதை மட்டும் வைத்து ஊழியர் மேல் பழி போடாதீர்கள். நிறத்தைப் பார்த்து "இது நாலு நாள் பழசு" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். முதியவர்களுக்கு முதல் நாளிலேயே மஞ்சள் நிறம் தெரிவதுண்டு.

முதல் வேலை விசாரணை அல்ல, சிகிச்சை. உறையாமைக்கான மாத்திரை எடுப்பவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். உள்ளே கசியும் ரத்தம் நாட்கள் கழித்தும் வெளிப்படலாம். பிறகு படம் எடுங்கள்: தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று. மறுநாளும் எடுங்கள், ஆழத்தில் பட்ட அடி தாமதமாகத்தான் தோலில் தெரியும். சிசிடிவி பதிவு தானாக அழிந்துவிடும் என்பதால் முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். பாலியல் துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தால் குளிப்பாட்டாதீர்கள், துணியைத் துவைக்காதீர்கள். காகித உறையில் போட்டு வையுங்கள்.

பணிப்பட்டியல், மாத்திரைப் பதிவேடு, எடைப் பதிவேடு, புரட்டிப் படுக்க வைத்த அட்டவணை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், அவர் மருத்துவமனையில் இருந்த நேரத்துக்கும் சேர்த்து டிக் விழுந்திருந்தால் அந்த அட்டவணை மொத்தமாக உட்கார்ந்து நிரப்பியது. தூக்க மாத்திரை ஆள் குறைந்த இரவுகளில் மட்டும் கூடியிருக்கிறதா? ஒரே மாதத்தில் எடை 5 சதவீதம் இறங்கியிருக்கிறதா? அதற்கும் காரணம் கேளுங்கள்.

மறதி நோய் இருக்கிறது என்பதற்காக அவரிடம் கேட்காமல் விடாதீர்கள். தேதி மறக்கலாம், இன்னாரைக் கண்டால் பயம் என்பது மறக்காமல் நிற்கலாம். காது மெஷினையும் கண்ணாடியையும் போட்டுவிட்டு, அவர் தெளிவாக இருக்கும் வேளையில், ஊழியர் யாரும் இல்லாத அறையில் உட்காருங்கள். "அடிச்சாங்களா?" என்று கேட்காமல் "கை எப்படி இப்படி ஆச்சு?" என்று கேளுங்கள். சொன்ன வார்த்தையை மாற்றாமல் எழுதுங்கள். ஊழியர்களையும் தனித்தனியாகவே விசாரியுங்கள். புகாருக்கு உள்ளான பிரிவின் பொறுப்பாளரே விசாரணை அதிகாரியாக இருக்கக் கூடாது.

விசாரணை முடியும்வரை, குற்றம் சாட்டப்பட்டவரை அந்த அறையின் இரவுப் பணியிலிருந்து மாற்றுங்கள். இடம் மாற வேண்டியது ஊழியர்தான். புகார் சொன்ன பெரியவரைப் பழகிய கட்டிலிலிருந்து கிளப்பாதீர்கள்.