பிளஃப்: தமிழில் அகலோங்கல்

அண்டார்க்டிக் நிலப்படங்களில் அடிக்கடி கண்ணில் படும் ஆங்கிலப் பொதுப்பெயர் 'பிளஃப்' (bluff). அகன்று மழுங்கிய முகத்தோடு செங்குத்தாக எழும் பாறைமேட்டை இது குறிக்கும். துருவப் பகுதியில் மேற்புறமும் சாய்வான பக்கங்களும் பனிக்குள் புதைந்துவிடும். பனி தங்க முடியாத செங்குத்து முகத்தில் மட்டும் பாறை கறுப்பாகத் தெரியும்.

'தட்டையான, அகன்ற' என்று பொருள்படும் டச்சுச் சொல்லே இதன் மூலம் என்று கருதுகிறார்கள். கூர்மையின்றி அகன்று நிமிர்ந்த கப்பல் முகப்பை 17ஆம் நூற்றாண்டு மாலுமிகள் அப்படிச் சொன்னார்கள். அதே வடிவக் கரைக்கும் அது பெயராயிற்று. சீட்டாட்டத்துப் 'பிளஃப்' வேறு. அந்தப் பொருளை இடப்பெயரில் ஒட்டிவிடக் கூடாது.

மின்னா பிளஃப் நல்ல எடுத்துக்காட்டு. டிஸ்கவரி எரிமலையிலிருந்து தென்கிழக்காக, கடலில் மிதக்கும் ராஸ் பனியடுக்குக்குள் சுமார் 40 கி.மீ. நீண்டு, நுனியில் கொக்கியாய் வளைகிறது. அகலம் 5 கி.மீ. இதைக் கண்டறிந்தது பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ராபர்ட் ஸ்காட்டின் 1901–04 பயணக்குழு. பயணத்துக்கு வித்திட்ட சர் கிளமென்ட்ஸ் மார்க்கமின் மனைவி மின்னாவின் பெயரைச் சூட்டினார்கள். வேறு அடையாளமற்ற அந்த வெண்பரப்பில் திசை காட்டியது இந்த மேடுதான். 1902இல் உணவுக் கிடங்கு ஒன்றை, பிளஃப் மீதுள்ள சிறு முகடும் டிஸ்கவரி உச்சியும் ஒரே கோட்டில் தெரியும் இடத்தில் வைத்தார்கள். 1903இல் போய்ப் பார்த்தால் கோடு விலகியிருந்தது. நகர்ந்தது கிடங்கைச் சுமந்த பனியடுக்கு: பதின்மூன்றரை மாதத்தில் 608 கஜம், ஏறக்குறைய 556 மீட்டர். பாறை அசையாமல் நின்றதால்தான் பனியின் வேகத்தை அளக்க முடிந்தது.

தமிழில் என்ன சொல்வது? கடலோரச் செங்குத்துப் பாறைக்குப் பாடநூல்களில் 'கடல் ஓங்கல்' என்ற சொல் உண்டு. ஓங்கல் உயரத்தைச் சொல்கிறது. பிளஃபுக்கே உரிய அகலத்தைச் சொல்வதில்லை. ஆகவே 'அகலோங்கல்' பொருந்தும். 'முனை' ஆகாது, கடலோரம் இல்லாத பிளஃபுகளும் உண்டு. 'குன்று' என்றால் செங்குத்து முகம் போய்விடும். 'பனி ஓங்கல்' என்றெழுதினால் முழுக்கப் பனியாலான சுவராகிவிடும். 'பனி மூடிய அகலோங்கல்' என்றே எழுதவேண்டும்.

சிறப்புப் பெயரை மொழிபெயர்க்கக் கூடாது. மாறுவது பொதுப்பெயர் மட்டுமே: 'மின்னா அகலோங்கல்'. முதல் முறை எழுதும்போது 'மின்னா பிளஃப்' என்பதையும் சேர்த்துவிடுங்கள், பெயர்ப் பட்டியல்களில் அப்படித்தான் தேட முடியும். அண்டார்க்டிகாவில் நாடுகள் தனித்தனியே பெயரிடுவதால் ஓரிடத்துக்கு இரண்டு பெயர் இருக்கலாம். ஆகையால் ஆயத்தொலைவையும் குறிப்பிடுங்கள்; மின்னாவுக்கு ஏறக்குறைய 78½° தெற்கு, 166½° கிழக்கு.