தொப்புள் உள்ள மீன்

மீன் சந்தையில் சின்னப் பால் சுறா கண்ணில் பட்டால் மல்லாத்திப் பாருங்கள். மார்புத் துடுப்புகளுக்கு நடுவே ஒரு கீறல் தெரிந்தால், அது தொப்புள். குட்டி பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். தாயின் வயிற்றில் ஏறக்குறைய ஒரு வருடம், நஞ்சுக்கொடி வழியாகச் சாப்பிட்டு வளர்ந்த மீன் அது. பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு செய்து கொடுக்க நாம் தேடி வாங்குவதும் இதைத்தான்!

எல்லாச் சுறாவும் இப்படியில்லை. 500க்கும் மேற்பட்ட இனங்களில் சில, தோல்பை போன்ற கூட்டுக்குள் முட்டையிடும். மணற்புலிச் சுறாவுக்குக் கருப்பை இரண்டு. ஒவ்வொன்றிலும் முதலில் வளரும் குட்டி மற்றவற்றைத் தின்றுவிடும், ஆக ஈற்றுக்கு இரண்டே குட்டி. கிரீன்லாந்துச் சுறா பருவத்துக்கு வரவே சுமார் 150 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அம்மணி உழுவை எனும் திமிங்கலச் சுறா மட்டும் தாராளம்: 1995-இல் தைவானில் பிடிபட்ட ஒன்றின் வயிற்றில் 300 குட்டிகள் இருந்தன. ஆனால் சாளை ஒரு வயதுக்குள்ளேயே பல்லாயிரம் முட்டை இடத் தொடங்கிவிடும். அதன் பக்கத்தில் வைத்தால் 300 எம்மாத்திரம்?

சாளையைப் பிடிக்கிற வேகத்தில் சுறாவையும் பிடித்தால் என்ன ஆகும் என்பதை மாலத்தீவில் பார்க்கலாம். அங்கே ஆழ்கடல் இருட்டில் கல்ப்பர் சுறா வாழ்கிறது. பச்சையாக மின்னும் கண், முதுகில் இரண்டு முள். மற்ற மீன்களுக்கு இருப்பதுபோல் காற்றுப்பை சுறாவுக்குக் கிடையாது. மூழ்கிவிடாமல் மிதக்க உதவுவது எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல்தான். கல்ப்பர் சுறாவின் ஈரல் எண்ணெயில் ஸ்குவாலீன் என்ற எண்ணெய்ப் பொருள் அதிகம். முகப்பூச்சுக்கும் மருந்துக்கும் அது தேவைப்பட்டது, நல்ல விலையும் கிடைத்தது. 1980 வாக்கில் பிடிக்கத் தொடங்கினார்கள். ஈற்றுக்கு ஒன்றிரண்டு குட்டி மட்டுமே போடும் மீன் எத்தனை நாள் தாங்கும்? சில வருடங்கள் படகு நிறைய வந்தது. அப்புறம் வரத்து சரிந்து, 90களின் தொடக்கத்தில் அந்தத் தொழிலே படுத்துவிட்டது.

பெருங்கடல் சுறாக்களும் திருக்கைகளும் 1970-க்குப் பிறகு 71 சதவீதம் குறைந்துவிட்டதாக 2021-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. இவற்றில் நிறைய, சூரைக்கும் மற்ற மீன்களுக்கும் போட்ட தூண்டிலிலும் வலையிலும் தற்செயலாக மாட்டியவை. மாலத்தீவு 2010-இல் தன் கடலில் சுறா பிடிப்பதையே தடை செய்தது.