மதியுரையா, பரிந்துரையா?

"விஞ்ஞானிகளின் பரிந்துரையை அரசாங்கம் ஏற்கவில்லை" என்று எழுதுவது மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து அறிக்கைகளிலும் வழக்கமாகிவிட்டது. கொள்கை வகுக்கும் அரசாங்கத்துக்குச் சார்பற்ற அறிவியலாளர்கள் ஆராய்ந்து சொல்லும் கருத்துக்கு அச்சொல் பொருந்தாது. அதற்குரிய சொல் மதியுரை.

மதி என்பது அறிவு. மதித்தல் என்பது அளந்து எடைபோடுதல். எடைபோட்டுக் கண்டதை உரைப்பது மதியுரை. வடமொழிவழி வந்த ஆலோசனை பிழையன்று. ஆனால் அறிந்தவரிடம் கேட்பதற்கும் பலர் கூடிக் கலந்து பேசுவதற்கும் அதுவே வழங்குவதால், சொன்னவர் யார், முடிவெடுத்தவர் யார் என்பது மங்கிப்போகிறது.

பரிதல் என்பதோ அன்பு கொள்ளுதல், இரங்குதல், ஒருவர் பக்கம் சார்ந்து நிற்றல். பிள்ளைக்காகத் தாய் பரிந்து பேசுவாள். பாரசீகவழி வந்த சிபாரிசுக்கு மாற்றாகப் பரிந்துரையை வழங்கியவர்கள் தவறு செய்யவில்லை. சிபாரிசும் ஒருவருக்காக இன்னொருவரிடம் பேசுவதுதான். வேலை தேடும் பிள்ளைக்காக அரசியல்வாதியின் வாசலில் நிற்கும் தகப்பன் கேட்பதும் பரிந்துரைக் கடிதமே. அந்த வாடை ஏறிய சொல்லை மண்ணையும் பயிரையும் ஆராய்ந்தவரின் கூற்றுக்குச் சூட்டினால், வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், நிற்கும் விவசாயி "இவர்கள் யாருக்காகப் பரிகிறார்கள்?" என்று ஐயுறுவது இயல்பு. இலங்கையில் 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, விளைச்சல் வீழும் என்று எச்சரித்த வேளாண் அறிவியலாளர்கள்மீது பசளைக் கம்பனிகளுக்காகப் பேசுகிறார்கள் என்ற பழியே விழுந்தது. யூரியா இல்லாமல் பெரும்போகம் தொடங்கிய பின்னர், அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது; அதற்குள் பயிர் மஞ்சளித்துவிட்டது.

இன்னொரு கேடும் உண்டு. பரிந்துரையை ஏற்பதும் தள்ளுவதும் கேட்பவரின் தயவு. தள்ளினால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மதியுரை அப்படிப்பட்டதன்று. முடிவெடுக்கும் உரிமை மக்கள் தெரிவுசெய்த அரசாங்கத்துக்கே உரியது என்றாலும், மதியுரைக்கு மாறாக முடிவெடுத்தால் ஏன் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொன்னவரைத் தண்டிக்கக் கூடாது. பிரித்தானியாவில் 2009 இல் போதைப்பொருள் தொடர்பான மதியுரைச் சபையின் தலைவர் டேவிட் நட், அரசின் கொள்கையை வெளிப்படையாகக் குறைகூறியமைக்காக நீக்கப்பட்டார். அதையொட்டி எழுந்த எதிர்ப்புக்குப் பின்னர், 2010 இல் அந்நாட்டு அரசாங்கம் வெளியிட்ட நெறிகளில் மதியுரையாளரின் கல்விச் சுதந்திரமும், மதியுரைக்கு இணங்காத முடிவுக்குக் காரணம் கூறும் கடமையும் இடம்பெற்றன. அமைச்சனைப் பற்றிய குறளும், அரசன் அறிந்தார் சொல்லை அழித்துத் தானும் அறியாதவனாயினும், உறுதியானதைச் சொல்வது அருகிருப்பவனின் கடன் என்றே விதிக்கிறது. பரிந்து பேசுபவனுக்கு அத்தகைய கடன் இல்லை.

ஆராய்ந்து முடித்த குழு "இதைச் செய்யுங்கள்" என்று தனித்துச் சுட்டும் இடத்துக்கு நம் அரச கருமத் தமிழில் விதந்துரை என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. விதத்தல் என்பது சிறப்பாக எடுத்துச் சொல்லுதல்; அதில் பக்கச்சார்பு இல்லை. அதைக் கைவிட்டு இறக்குமதிச் சொல்லின் நிழலைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு மொழிபெயர்ப்பாளர்களின் அவசரத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. இதே அவசரம்தான் எவரையும் சாராத குழுவைத் "தன்னிச்சையான விஞ்ஞானக் குழு" என்றும் எழுதுகிறது. தன்னிச்சை என்றால் மனம்போன போக்கு. ஆணைக்குழுக்களுக்கு நாம் வழங்கும் சுயாதீனம் இருக்கிறது, வடமொழி வேண்டாம் என்போர் சார்பற்ற என்று எழுதலாம்.