உடற்பருமன்

'ஒபிசிட்டி' என்பதற்கு உடற்பருமன் என்று எழுதுகிறோம். வேலூர், குடியாத்தம் பக்கத்து வீடுகளில் அது 'உடம்பு போட்டுடுச்சி'. வயிறு மட்டும் முன்னே வந்தால் 'தொப்பை'.

பரு என்னும் வேரிலிருந்து பருத்தல், பருமை, பருமன் என வருகின்றன. பருமன் என்பது அளவையும் குறிக்கும். 'விரல் பருமன் கயிறு' என்கிறோமே. அப்படிப் பார்த்தால் உடற்பருமன் எல்லாருக்கும் உண்டு. நோய்நிலையைச் சொல்ல 'மிகை உடற்பருமன்' என்பதே பொருத்தம். 'கொழுப்பு' என்ற சொல் திமிரையும் குறிப்பதால், நோயாளியை ஏசுவது போலாகிவிடும். அதைத் தவிர்க்க வேண்டும்.

ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீன் 'ஒபேசுஸ்'. 'தின்னுதல்' என்னும் வினையடியில் பிறந்தது. தின்று கொழுத்தவர் என்பது பொருள். அரிதாக, அரித்துத் தின்னப்பட்டு மெலிந்தது என்ற நேர்மாறான பொருளிலும் லத்தீனில் வழங்கியிருக்கிறது. ஐம்பது அறுபது வயது உடம்பில் இந்த இரண்டும் ஒருசேர நடக்கின்றன.

குடியாத்தத்தில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு காலமெல்லாம் பீடி சுற்றும் அம்மாக்களில் சிலரைப் பாருங்கள். கை மெலிந்து வளையல் தொளதொளவென்று இறங்கும். பாவாடை நாடாவோ இடுப்பைச் சுற்றி எட்டாது. 'எடை அப்படியேதான் இருக்கு, எனக்கு இன்னா?' என்பார்கள். வயது ஏற ஏறத் தசை குறைகிறது, அந்த இடத்தைக் கொழுப்பு பிடிக்கிறது. தராசு முள் நகர்வதே இல்லை. மாதவிலக்கு நின்றபின் பெண்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்குகிறது. குடலையும் கல்லீரலையும் சூழும் அந்தக் கொழுப்புதான் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதயநோய், கல்லீரல் கொழுப்பு ஆகியவற்றுக்கு வழிவிடுகிறது. தசை குறைந்தால் ரத்தத்துச் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் இடமும் குறையும். மூட்டு தேயும், விழுந்தால் எலும்பு முறியும்.

தசை குறையும் நிலைக்கு 1989இல் 'சார்கோபீனியா' என்று பெயரிட்டார்கள். கிரேக்கத்தில் ஊன்வறுமை என்று பொருள். தமிழில் 'தசைநலிவு' போதும். தசைநலிவும் மிகை உடற்பருமனும் சேர்ந்ததைத் 'தசைநலிவுப் பருமன்' எனலாம்.

எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை எண். மிகை உடற்பருமனுக்கு உலக வரம்பு 30, இந்தியர்களுக்கு 25. முதியவர்களிடம் இந்த எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். விலாவின் அடிக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் வயிற்றின் சுற்றளவை நாடாவால் அளக்க வேண்டும்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை. இதை 'வயிற்றுப்பருமன்' என்றெழுதுவது நல்லது. நம் தொப்பையும் அந்த இடத்தைத்தானே காட்டுகிறது. எடை குறையட்டும் என்று அறுபது வயதுக்காரர் பட்டினி கிடந்தால் இருக்கிற தசையும் போய்விடும். சோற்றையும் களியையும் அளவாக்கி, பருப்பு, முட்டை, மீன் சேர்த்து, நடையோடு தசைக்கு வேலை தரும் பயிற்சியையும் மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.