பொறுக்கிக் கட்டினால் மட்டும் போதுமா?

"நான் எல்லா ஆட்டத்துக்கும் பந்தயம் கட்டுகிற ஆள் இல்லை. பார்த்து, பொறுக்கித்தான் கட்டுவேன்." ஐஸ் ஹாக்கி சீசன் தொடங்கிவிட்டால் என் ஆலோசனை அறையில் இந்தப் பேச்சு ஓயாது. சூதாட்டப் பழக்கத்திலிருந்து மீள உதவுவதுதான் என் வேலை. போன வாரம் வந்தவரும் இதையேதான் சொன்னார், கடன் அட்டைக் கணக்கை மேசையில் பரப்பிக்கொண்டே. எனக்குப் பொறுமை போய்விட்டது.

குறைவாகக் கட்டினால் குறைவாக இழப்பீர்கள். அது உண்மை, நல்லதும்கூட. ஆனால் பொறுக்கிக் கட்டுவதாலேயே வெல்லத் தொடங்கிவிடலாம் என்ற நம்பிக்கை எங்கிருந்துதான் வருகிறதோ!

கணக்கைப் பாருங்கள். இரு பக்கமும் சமம் என்று பந்தய நிறுவனம் நினைக்கும் பெட்டில், 100 டாலர் லாபம் பார்க்க வழக்கமாக 110 டாலர் வைக்க வேண்டும். அப்படி 100 பெட், அதில் பாதி சரி என்று வையுங்கள். வந்தது 5,000, போனது 5,500. கைக்காசு கரையாமல் இருக்கவே 52.4 சதவீதம் சரியாகச் சொல்ல வேண்டும். "நான் 20க்கு 13 சரியாகச் சொன்னேனே?" சொன்னீர்கள். வெறுமனே காசு சுண்டிப் பார்த்துச் சொல்பவர்களிலும் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு 13 அல்லது அதற்கு மேல் சரியாக விழும். இதைச் சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. என்ன செய்ய?

அப்புறம் அந்தக் கோலி (கோல் காப்பாளர்) ரகசியம். "நேற்றும் ஆடிய அணி, இன்று இரண்டாவது கோலிதான் நிற்பார், அதனால் எதிரணிக்குக் கட்டினேன்." வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல் அட்டவணை ஊருக்கே தெரியும். கோலி யார் என்ற செய்தி வந்த சில நிமிடங்களில் ஆட்ஸ், அதாவது பெட்டின் விலை, மாறிவிடும். நீங்கள் கண்டுபிடித்ததற்கு ஏற்கெனவே விலை போட்டாகிவிட்டது. எந்த அணி வெல்லும் என்று யோசிக்கிறவர்கள் நிறையப் பேர். இந்த விலைக்கு அது தகுமா என்று கேட்கிறவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

2024-25 சீசனில் 32 அணிகள், வழக்கமான ஆட்டங்கள் மட்டும் 1,312. அதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தீர்கள், சரி. ஆட்டம் தொடங்கியபின் அடுத்த கோல் யாருக்கு, ஆட்டத்தின் இந்தப் பகுதியில் (பீரியட்) எத்தனை கோல், இந்த வீரர் எத்தனை ஷாட் அடிப்பார் என்று எத்தனை முறை கட்டினீர்கள்? வங்கிக் கணக்கைத் திறந்தால் "ஒரே ஆட்டம்" ஒரு பக்கம் நீளத்துக்கு இருக்கும். 2021 ஆகஸ்ட் வரை கனடாவில் தனி ஆட்டத்துக்குக் கட்டச் சட்டம் விடவில்லை. பலவற்றைச் சேர்த்துத்தான் கட்ட வேண்டியிருந்தது. இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் ஆசைப்பட்டு, பலவற்றைச் சேர்த்துக் கட்டும் பார்லே போடுகிறார்கள், நிறுவனத்துக்கு அதில்தான் லாபம் அதிகம் என்று தெரியாமல்.

கட்டியே தீருவேன் என்றால் இதையாவது செய்யுங்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று ஆப்பிலேயே டெபாசிட் வரம்பு வையுங்கள், ஆட்டத்துக்கு முன்பே. பக் விழுந்து ஆட்டம் தொடங்கியபின் ஆப்பைத் தொடாதீர்கள். ஒவ்வொரு பெட்டையும் எழுதுங்கள், தோற்றதையும்தான். இழந்ததைப் பிடிக்க அன்றிரவே இன்னொரு ஆட்டத்தைத் "தேர்ந்தெடுக்காதீர்கள்", அது தேர்வே இல்லை. கடன் வாங்கி ஒருபோதும் வேண்டாம்.

எவ்வளவு போனது என்பதை வீட்டில் மறைக்கத் தொடங்கியிருந்தால், தயவுசெய்து இன்றே யாரிடமாவது பேசுங்கள். ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்கு கனெக்ஸ் ஒன்ராறியோ என்ற உதவித் தொலைபேசிச் சேவை இருக்கிறது: 1-866-531-2600. இலவசம், இரவிலும் எடுப்பார்கள். உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் உங்கள் மனைவியோ அண்ணனோகூட அழைக்கலாம்.