மழைக்கு மூன்று மாதம் உட்கார்ந்துவிட்டு, தையில் தொட்டியைத் தூக்காதீர்கள்

பொங்கல் கழிந்தால் போதும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக வர ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட்டால் கதை ஒன்றுதான். தீபாவளியோடு தோட்டத்தை விட்டாச்சு, விடாத மழை, அப்புறம் மார்கழிப் பனி, இப்போதுதான் தைப் பட்டத்துக்குத் தொட்டியெல்லாம் கொட்டி மண் மாற்றினேன், மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. காட்பாடிப் பக்கம் பிசியோதெரபி பார்க்கிற எனக்கு ஒவ்வொரு வருடமும் இதே பாட்டுதான். நேற்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை மகன் கைத்தாங்கலாக ஆட்டோவிலிருந்து இறக்கிக் கூட்டி வந்தார். நனைந்த செம்மண்ணும் எருவுமாக நிறைந்திருந்த பெரிய தொட்டியை ஒற்றை ஆளாகக் குனிந்து இழுத்திருக்கிறார். "ஆடியில இதே தொட்டிய நான்தானே தம்பி தூக்கி வச்சேன்" என்றார். ஐயா சொன்னது உண்மைதான். ஆனால் ஆடியில் அவருக்கு இருந்த தொடையும் முதுகும் இப்போது இல்லையே!

பனி கொட்டுகிற தேசங்களில் மண் உறைந்துபோகும், தோட்டம் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும். வேலூருக்கு அந்தக் கதி இல்லை. இங்கே நடப்பது வேறு. வெயில் காலத்தில் மாடித் தோட்டம் வைத்திருக்கிறவர் காலையும் மாலையும் வாளியோடு படியேறுகிறார், குனிகிறார், குத்துக்காலிட்டுக் களை பிடுங்குகிறார், பூவாளியைத் தூக்குகிறார். அது உடற்பயிற்சி என்று அவருக்கே தெரியாது. ஐப்பசி மழை பிடித்ததும் தண்ணீர் ஊற்றுகிற வேலை நின்றுபோகிறது. மாடிப் படி பாசி பிடித்திருக்கிறது, போகாதே என்று வீட்டில் சொல்கிறார்கள். கார்த்திகை போய் மார்கழி வந்தால் குளிர். இப்படியே நாற்காலி, டிவி, கம்பளி, மறுபடி நாற்காலி. வயது அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தசை கரைவது வேகமாக நடக்கும், திரும்ப வருவது மெதுவாக நடக்கும். இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை.

விளக்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாயிலிருந்து வருவது: "நடந்தா மூட்டு இன்னும் தேயும் சார், அதான் குளிர் காலத்துல ரெஸ்ட் குடுத்தேன்." எக்ஸ்ரேயைப் பார்த்து யாரோ "ஜவ்வு தேஞ்சுபோச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை வண்டி டயர் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். ஓட்டினால் தேயும், நிறுத்தி வைத்தால் தேயாது! தயவுசெய்து இதை ஒரு முறை பொறுமையாகப் படியுங்கள். டயருக்கு உயிர் இல்லை, உங்கள் மூட்டுக்கு இருக்கிறது. எலும்பு நுனியில் இருக்கிற குருத்தெலும்புக்கு என்று தனியாக ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கிற திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. நீங்கள் நடக்கும்போது, மடக்கி நீட்டும்போது அது அமுங்கி விரிகிறது, அந்த அமுக்கத்தில்தான் திரவம் உள்ளே போய் வருகிறது. அசையாமல் வைத்தால் அந்தச் சாப்பாடு குறைகிறது. இன்னொரு பக்கம், முழங்காலுக்கு வருகிற பாரத்தைத் தாங்கிக்கொள்வது தொடையின் முன்பக்கத் தசை. மூன்று மாதம் உட்கார்ந்தால் முதலில் இளைப்பது அதுதான். இளைத்தபின் பாரம் முழுக்க மூட்டின் தலையில் விழுகிறது, வலி கூடுகிறது, வலிக்கிறது என்று இன்னும் உட்காருகிறார்கள். குளிரில் மூட்டு விறைப்பாக இருப்பது நிஜம், நான் மறுக்கவில்லை. ஆனால் எழுந்து பத்து இருபது நிமிடம் நடமாடினாலே தளர்ந்துவிடும் விறைப்பு அது. எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரிகிற முழங்காலோடு நன்றாக நடக்கிறவர்கள் உண்டு, எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமல் வலியில் துடிக்கிறவர்களும் உண்டு. படத்தைப் பார்த்து வாழ்க்கையை முடிவு செய்யாதீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது, விரல் கணுக்கள் வீங்கிச் சூடாக இருக்கின்றன என்றால் அது வேறு வகை வாதமாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதற்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கக் கூடாது.

இதே ஆட்கள்தான் கார்த்திகை வந்தால் சோளிங்கர் கிளம்புவார்கள். வீட்டு மாடிக்கு ஏற மாட்டேன் என்று வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்த கால், பெரிய மலையின் 1,305 படியை ஒரே மூச்சில் ஏறி இறங்கும்! யோக நரசிம்மரைச் சேவிப்பதற்குக் குறுக்கே நிற்க எனக்கு மனமில்லை, போய் வாருங்கள். ஆனால் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்காலுக்குப் பாரம் அதிகம். இப்போது ரோப்காரும் இருக்கிறது. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர்களுக்கும் இதேதான். ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் நடந்து பழகியிருந்தால் உங்களுக்கு நான் தேவையே இல்லை.

"நான்தான் தினமும் கோட்டையைச் சுற்றி வாக்கிங் போகிறேனே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்லது, விடாதீர்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது கொஞ்சம் மூச்சு வாங்குகிற அளவுக்கு அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, அதற்கு நடை போதும். ஆனால் அவர்களே இன்னும் இரண்டு சொல்கிறார்கள், அதை யாரும் காதில் வாங்குவதில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்று நாள் தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சி. தோட்ட வேலையில் இந்த மூன்றும் சேர்ந்தே கிடைத்துவிடும். வெறும் நடையில் கிடைக்காது. நடக்கிறவருக்குக் குனியவும் தூக்கவும் பிடிக்கவும் எங்கே பழக்கம் வருகிறது?

அதனால் மழை நாளில் வீட்டுக்குள்ளேயே செய்யுங்கள். ஜிம் வேண்டாம், காசு வேண்டாம். சுவரை ஒட்டி ஒரு நாற்காலியைப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள், பத்து முறை, காலையும் மாலையும். முதல் நாள் கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் ஊன்றுங்கள், வெட்கம் வேண்டாம். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும். அதே மேடையருகே ஒற்றைக் காலில் நிற்கப் பழகுங்கள், பிடிக்க ஒரு கை தயாராக இருக்கட்டும். சுவரில் கைவைத்துத் தள்ளுவது தோளுக்கு. ஈரத் துண்டை முறுக்கிப் பிழிவது விரல் பிடிக்கு, களைக்கொத்தைப் பிடிக்கிற அதே பிடிதான். ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நாலு நடை நடங்கள். செய்தபின் லேசாக வலித்து மறுநாளைக்குள் அடங்கிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மறுநாளும் வலித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள்.

சர்க்கரை இருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை வாங்கிச் செலவழிப்பது பெரும்பாலும் தசைதான். தீபாவளி அதிரசத்தில் தொடங்கிப் பொங்கல் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, தையில் மூன்று மாதச் சராசரி பார்க்கிற ஹெச்பிஏ1சி சோதனை எடுத்தால், அந்த உட்கார்ந்த மூன்று மாதம் அப்படியே காகிதத்தில் வந்து நிற்கும். மாத்திரை வேலை செய்யவில்லை என்று மருத்துவரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

மார்கழியில் விடியும் முன்னே எழுந்து பனியில் நடப்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்களே, ரத்த அழுத்தமோ இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் வேண்டாம். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், அழுத்தம் ஏறும். வெயில் வந்து மலையெல்லாம் தெளிவாகத் தெரிகிற நேரத்துக்குப் போங்கள், ஏழரை எட்டு மணிக்கு நடந்தால் கௌரவம் குறைந்துவிடாது.

மழை விட்டதும் புதரை ஒதுக்கப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை, முழுக்கால் உடுப்போடு போங்கள், வந்ததும் குளித்துத் துணியைத் துவைக்கப் போடுங்கள். எங்கள் பக்கம் இந்தக் குளிர் மாதங்களில்தான் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் அதிகம். பொடிப் பூச்சி கடித்து வருவது. காய்ச்சலோடு அக்குளிலோ தொடையிடுக்கிலோ வலியில்லாத கருப்புப் பொருக்கு ஒன்று இருந்தால் அதை மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள். அவருக்கு அது பெரிய துப்பு.

தை வந்துவிட்டது, இலவம்பாடி முள்ளுக்கத்தரி நாற்று வாங்கி வைத்தாச்சு, கை சும்மா இருக்காது, தெரியும். முதல் வாரம் அரை மணி நேரத்தோடு நிறுத்துங்கள். நனைந்த மண் எவ்வளவு கனம் என்று தொட்டியைப் பார்த்தால் தெரியாது, பாதியை முறத்தில் அள்ளி வெளியே போட்டுவிட்டு நகர்த்துங்கள். குனிந்தபடி இடுப்பைத் திருப்பாதீர்கள், காலை நகர்த்தித் திரும்புங்கள். குத்துக்காலிட முடியாதவர்கள் முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளே, "உனக்கெதுக்கும்மா இந்த வயசுல இந்த வேலை" என்று அம்மாவை உட்கார வைக்காதீர்கள். கனமான தொட்டியை நீங்கள் நகர்த்திக் கொடுத்துவிட்டு மீதியை அவர் கையில் விடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு இடுப்பு பிடித்துக்கொண்டால் ஓரிரு நாள் மெதுவாக நடமாடுங்கள், வாரக்கணக்கில் படுக்காதீர்கள். வாயுப் பிடிப்பு என்று இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டு நாளைக் கடத்தவும் வேண்டாம். வலி ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே இறங்கினால், பாதம் மரத்துப்போனால் காட்டுங்கள். கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாட்டில் இல்லை என்றாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ சுளுக்கு வழிக்கிறவரிடம் போகாமல், என்னிடமும் வராமல், அன்றைக்கே நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள், ராத்திரி ஆனாலும் சரி.